பர்னல்லி விண்கல் என்று மதுரையில் விற்கப்படும் துண்டுகள்: வாங்குவதற்கு முன் படியுங்கள்

மதுரையில் பழைய நாணயம், தபால்தலை, ராசிக்கல் ஆகியவற்றோடு விண்கற்களையும் வாங்கி விற்கும் ஒரு வியாபாரி, 1857-ஆம் ஆண்டு அன்றைய மதுரை மாவட்டத்தில் விழுந்த பர்னல்லி விண்கல்லின் துண்டு என்று சொல்லி எனக்கு விற்ற கல், பர்னல்லி அல்ல. அது விண்கல்தான், ஆனால் வேறு ஏதோ பாலைவனத்தில் பொறுக்கி எடுக்கப்பட்ட, பெயரில்லாத, மலிவான விண்கல். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரையோ கடையின் பெயரையோ இங்கே எழுதவில்லை. அதே கற்பலகையிலிருந்து அறுத்த வேறு துண்டுகளும் அவரிடம் இருந்ததை நானே பார்த்தேன் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பர்னல்லியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 1857 பிப்ரவரி 28 அன்று விழுந்த இந்தக் கல்லின் பதிவான மொத்த எடை ஏறத்தாழ 77 கிலோ. பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகெங்கும் விண்கல் ஆய்வாளர்கள் அறிந்த பெயர் அது. எல்எல் 3 என்ற வகையைச் சேர்ந்தது. அதாவது, சூரியக் குடும்பம் உருவான காலத்து உருண்டை மணிகள் பிற்காலத்து வெப்பத்தால் அதிகம் சிதையாமல் அப்படியே தங்கியிருக்கும் வகை. மதுரைக்காரர் ஒருவர் விண்கல் சேகரிக்கத் தொடங்கினால், நம் மண்ணில் விழுந்த இந்தக் கல்லின் ஒரு சிறு துண்டாவது கைக்கு வராதா என்று நினைப்பது இயல்பு. அந்த ஆசை எங்கே இருக்கிறது என்பது வியாபாரிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவர் கேட்ட விலை, 42 கிராம் துண்டுக்கு 1,10,000 ரூபாய். அதில் 80,000 ரூபாயை வங்கி வழியாகக் கட்டினேன். மீதி 30,000 ரூபாய்க்கு, என்னிடம் பல ஆண்டுகளாக இருந்த 310 கிராம் சிக்கோத்தே-அலின் இரும்பு விண்கல் ஒன்றை அவரே மதிப்பிட்டு எடுத்துக்கொண்டார். அந்த மதிப்பீட்டுக்குத் தனியாக 3,500 ரூபாய் கட்டணம் வேறு. இதில் இரண்டு ஏமாற்று வேலைகள் இருக்கின்றன. முதலில் பர்னல்லியைப் பார்ப்போம்.

கடையில் அவர் காட்டிய சோதனை ஒன்று மட்டும்தான். நூலில் கட்டிய ஒரு சிறு காந்தத்தைத் துண்டின் அருகே தொங்கவிட்டார். ஓர் அங்குலத் தூரத்திலேயே அது திரும்பி, டக்கென்று கல்லில் ஒட்டிக்கொண்டது. "பாத்தீங்களா சார், எப்படி இழுக்குதுன்னு? மேலேயிருந்து வந்த கல்லுங்கிறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். விண்கல் என்பதற்கு அது ஓரளவு சாட்சிதான். ஆனால் பர்னல்லி அல்ல என்பதற்கும் அதுவே சாட்சி. காண்டிரைட் எனப்படும் சாதாரணக் கல் விண்கற்களில் எச், எல், எல்எல் என்று மூன்று பிரிவுகள் உண்டு. எச் பிரிவில் தனி உலோகமாக இருக்கும் இரும்பு-நிக்கல் எடையில் 15 சதவீதத்துக்கும் மேலே போகும்; எல்எல் பிரிவிலோ அது மிகக் குறைவு, பெரும்பாலும் 3 சதவீதத்துக்குள்தான். எல்எல் கல்லுக்கு அருகே தொங்கும் காந்தம் மெல்லச் சாயுமே ஒழிய, இப்படிப் பாய்ந்து ஒட்டாது. விற்பவர் எந்தச் சோதனையைக் காட்டி விற்றாரோ அந்தச் சோதனையிலேயே அவருடைய கல் தோற்றுப் போயிற்று.

ஓய்வுபெற்ற புவியியல் பேராசிரியர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனபோது, அறுத்த முகத்தை நனைத்துச் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு லென்சில் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "தம்பி, இது விண்கல்தான், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா உங்ககிட்ட சொன்ன பேரு இதோடது இல்ல." பிறகு எனக்கும் காட்டினார். வெட்டுமுகம் முழுவதும் கோலமாவு சிந்தினாற்போல உலோகப் பொட்டுகள் பளபளத்தன. உருண்டை மணிகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் விளிம்பும் சுற்றியிருக்கும் கல்லோடு கரைந்து மங்கிப் போயிருந்தது. எல்எல் 3 வகையில் மணிகள் சராசரியில் பெரியவை, விளிம்பு கத்தரித்ததுபோல் தெளிவாக நிற்கும். இங்கே மணிகள் சிறியவை, மங்கியவை. எச் 5, அதாவது வெப்பத்தில் மணிகள் மங்கிப்போன எச் பிரிவுக் கல், அல்லது அதற்கு அருகிலான வகையாக இருக்கலாம் என்றார். நுண்ணோக்கியில் தாது ஆய்வு செய்யாமல் உறுதி கூற மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது. விற்றவரிடம் அந்தத் தயக்கம் எதிலுமே இல்லை.

இன்னொரு தடயம் துண்டின் ஓரத்தில் இருந்தது. ஒரு பக்கம் கருகிய மேலோடு மிச்சமிருந்தது. வளிமண்டலத்தில் எரிந்து வரும்போது உருவாகும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட தோல் அது. அந்தத் தோல் கறுப்பாக இல்லாமல் பழுப்பேறி, மணற்காற்றில் தேய்ந்து எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. அதன் வெடிப்புகளில் காவி கலந்த வெளிர் மண் இறுகிப் படிந்திருந்தது. சகாரா பகுதியில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த கற்களில் இவற்றை வழக்கமாகப் பார்க்கலாம். வட-மேற்கு ஆப்பிரிக்கா என்ற பொதுப் பெயரோடு ஓர் எண்ணையும் சேர்த்துப் பதிவாகும் ஆயிரக்கணக்கான கற்கள் அவ்வாறு வருபவையே. வகைப்படுத்தப்படாதவை என்றால் கிராம் 100 ரூபாய்க்குக் கீழேயே கிடைக்கும். விழும்போதே கண்ணால் பார்த்து எடுக்கப்பட்ட கல்லின் வெடிப்புக்குள் பாலைவன மண் எப்படி வந்தது என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பணம் முழுவதும் கைமாறிய பிறகுதான் கல்லோடு ஒரு பழைய சீட்டைக் கொடுத்தார். டிக்காஷனில் நனைத்து எடுத்தாற்போன்ற மஞ்சள் தாளில், சாய்வெழுத்தில், கல்லின் பெயர், விழுந்த நாள், இடம் எல்லாம் எழுதியிருந்தது. தாத்தா காலத்திலிருந்து ஒரு ஜமீன் வீட்டில் இருந்தது என்பது அவர் சொன்ன கதை. சீட்டில் இடம் என்ற வரியில் 'மதுரை மாவட்டம், தமிழ்நாடு' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969-இல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீட்டு எழுதிய ஜமீன் கணக்குப்பிள்ளைக்கு அது எப்படித் தெரிந்தது என்பதை வியாபாரிதான் விளக்க வேண்டும்.

இப்போது என் சிக்கோத்தே-அலின் கல்லுக்கு வருகிறேன். ரஷ்யாவின் தூரக் கிழக்கில் 1947 பிப்ரவரி 12 அன்று விழுந்த இரும்பு விண்கல் அது. டன் கணக்கில் கிடைத்ததால் அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் இரண்டு தரம் உண்டு. வானத்திலேயே பிரிந்து, தனியாக எரிந்து, களிமண்ணில் கட்டைவிரல் பதித்தாற்போன்ற குழிகளோடு வந்த முழுக்கற்கள் ஒரு தரம். தாழ்வான உயரத்தில் வெடித்தும் தரையில் மோதியும் கிழிந்த, முனை முறுக்கிய சிதறல்கள் இன்னொரு தரம். முழுக்கல்லுக்குக் கிராமுக்குச் சில நூறு ரூபாய் கிடைக்கும். சிதறல் அதைவிட மிகவும் தாழ்ந்த விலைக்குப் போகும். என்னுடையது நாலா பக்கமும் குழி விழுந்த முழுக்கல். மதிப்பீட்டுச் சான்றிதழில் அதைச் சிதறல் என்று எழுதி, கிராமுக்கு நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கணக்கிட்டு, ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். எழுதியவரும் அவர், வாங்கிக்கொண்டவரும் அவர். உங்கள் பொருளுக்கு மதிப்பு எழுதித் தருபவர் அந்தப் பொருளை வாங்கவும் முன்வந்தால், அந்த மதிப்பீட்டுக்குக் கட்டணம் கேட்பதே முறையல்ல.

விண்கல்லின் விலை கல்லின் அழகிலோ எடையிலோ மட்டும் இல்லை என்பதைப் புதிதாகச் சேகரிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நமீபியாவில் கிடக்கும் ஹோபா இரும்பு ஏறத்தாழ 60 டன். பீகாரில் ஷெர்கோட்டி என்ற ஊரில் 1865 ஆகஸ்ட் 25 அன்று விழுந்த கல் வெறும் 5 கிலோ. ஆனால் செவ்வாய்க் கோளிலிருந்து வந்த ஒரு பெரும் விண்கல் பிரிவுக்கே ஷெர்கோட்டியின் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. எந்த வகை, மொத்தம் எவ்வளவு கிடைத்தது, விழும்போது பார்க்கப்பட்டதா பின்னால் கண்டெடுக்கப்பட்டதா, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பவற்றை வைத்தே விலை ஏறி இறங்குகிறது. ஆகவே மோசடிக்காரர் போலிக் கல் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. மலிவான அசல் கல்லுக்கு விலையுயர்ந்த பெயரை ஒட்டினால் போதும். காந்தம், உரைகல், லென்ஸ் ஆகிய எந்தச் சோதனையிலும் அது விண்கல் என்றே தேறிவிடும்.

பெயரைச் சோதிக்கும் வழி வேறு. மெட்டியோரிட்டிகல் சொசைட்டி என்ற சர்வதேச அமைப்பு, அங்கீகரிக்கப்பட்ட ஒவ்வொரு விண்கல்லின் பெயர், வகை, எடை, ஆண்டு ஆகியவற்றை எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. விற்பவர் சொல்லும் பெயரை அங்கே தேடி, வகையைக் குறித்துக்கொண்டு, கையில் இருக்கும் கல் அந்த வகைக்குப் பொருந்துகிறதா என்று வெளியாள் ஒருவரிடம் பார்க்கலாம். பழைய கல் என்றால், எந்த அருங்காட்சியகத்திலிருந்து எந்த எண்ணில் பரிமாற்றம் ஆனது என்ற கடிதத்தைக் கேளுங்கள். தாத்தா கதை கடிதம் ஆகாது. இந்தியாவில் விழுந்த கல் என்றால் இன்னும் ஒரு கேள்வி எழுகிறது: நம் நாட்டில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் 2008 செப்டம்பர் 12 அன்று விழுந்தது போன்ற நம் ஊர்க் கல் என்று சொல்லித் தெருவோரக் கடையில் ஒன்றை நீட்டினால், அது தனியார் கைக்கு எப்படி வந்தது என்று கேட்காமல் பையைத் திறக்காதீர்கள்.

அந்தக் கடையில் நான் கண்ட இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, உழும்போது கிடைத்த கனமான கறுப்புக் கட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வியாபாரி அதைப் பார்த்து, பல லட்சம் பெறும், ஆனால் ஆய்வக அறிக்கை வேண்டும், அதற்கு 5,000 ரூபாய் ஆகும் என்றார். கட்டியின் உடைந்த பக்கம் முழுக்க இட்லியின் உட்புறம் போலக் காற்றுக் குமிழிகள் இருந்தன. அது பழங்காலத்து இரும்பு உருக்கிய சிட்டம். சித்த மருத்துவர்கள் மண்டூரம் என்பது அதைத்தான். விண்கல்லில் அத்தகைய குமிழிகள் காணப்படுவது மிக மிக அரிது. நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெரியவர் முன்பணமாக ஆயிரம் ரூபாயை எண்ணி வைத்துவிட்டார். வாசலில் அவரை நிறுத்தி, "ஐயா, இது சிட்டக்கல்லுங்க, மேல பணம் கட்டிறாதீங்க" என்றேன். "கடைக்காரரு படிச்சவரு, பொய் சொல்லுவாராப்பா?" என்று கேட்டுவிட்டு மாட்டுத்தாவணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். இரிடியம் கலசம் என்று ஊர் ஊராகப் பணம் பிடுங்கிய கும்பல்களைப் பற்றி நாளிதழ்களில் படித்து எச்சரிக்கையானவர்கள்கூட, லென்சும் சான்றிதழும் மேசையில் இருந்தால் நம்பிவிடுகிறார்கள். நிலத்தில் ஐயத்துக்குரிய கல் கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். பல்கலைக்கழகப் புவியியல் துறையிலும் காட்டலாம். காசு கேட்காமலே பார்த்துச் சொல்வார்கள். உண்மையாகவே புதிதாக விழுந்த கல் என்றால் அதைக் கழுவவும் கூடாது, அதன் அருகே காந்தம் கொண்டுபோகவும் கூடாது. அதில் பதிந்திருக்கும் ஆதி காந்தத் தடயத்தைக் கடைக்காந்தம் ஒரு நொடியில் அழித்துவிடும்.

கல்லைத் திருப்பித் தரப் போனபோது வியாபாரி சத்தம் போடவில்லை. "விண்கல்தானே சார் குடுத்தேன், அதுல ஒண்ணும் பொய் இல்லையே" என்றார். ரசீதை எடுத்து நீட்டச் சொன்னார். அதில் 'அலங்காரக் கல் - 1' என்று மட்டுமே இருந்தது. பர்னல்லி என்ற சொல் எங்கும் இல்லை. என் சிக்கோத்தே-அலின் விற்றுப் போய்விட்டது என்றும் சொன்னார். ஆனால் கல்லை வாங்குவதற்கு முன்பு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் பெயர், ஆண்டு, வகை, விலை எல்லாம் அவருடைய கைப்படவே இருக்கின்றன. புகாரின் அடித்தளம் அவைதான். ஆகவே வாங்குபவர்கள் பேச்சில் எதையும் முடிக்காமல், கல்லின் பெயரையும் வகையையும் எடையையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துகொள்வது நல்லது. அவரிடமிருந்து வாங்கிய துண்டு இவ்வாறு இருந்தால், அது என் துண்டு வந்த பலகையிலிருந்தே வந்ததாகக் கொள்ளலாம்: தடிமன் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர், அறுத்த முகத்தில் குறுக்கே ஓடும் கறுத்த நரம்பு ஒன்று, அதன் ஒரு முனை இரண்டாகப் பிரிந்திருக்கும், ஓரத்தில் பழுப்பேறிய மேலோடு, பின்பக்கம் ரம்பத்தின் இணைகோடுகள் மெருகிடாமல் விடப்பட்டிருக்கும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், நரம்பு தெரியும்படி வெளிச்சத்தைச் சாய்த்து எடுத்த படத்தையும் ரசீதின் படத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆணையத்தில் தனியாகப் புகார் கொடுங்கள். ஒரே பலகை பலருக்கு ஒரே பெயரில் விற்கப்பட்டது என்பதை நிறுவ என் வழக்கிலும் அது உதவும்.