'கராபா' என்று சொல்லும் பேனா: அந்த ஃபோனிக்ஸ் செட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

விலை குறைந்துவிட்டதாம். நான் வாங்கியபோது மூவாயிரத்துச் சொச்சம் இருந்த பேசும் பேனா ஃபோனிக்ஸ் செட் (எழுத்துகளின் ஒலியைச் சேர்த்து இங்கிலீஷ் படிக்கப் பழக்கும் அட்டைகளும், தொட்டால் பேசும் பேனாவும்) இப்போது ஆன்லைன் தள்ளுபடியில் கிட்டத்தட்டப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. உடனே தெரு வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து ஒருவர், டியூஷனுக்குப் பிள்ளையை விடும் அம்மாக்கள், என் நாத்தனார் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், வாங்கலாமா என்று. ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆகவே இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பெட்டியில் எத்தனை அட்டை, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது. உறையூரில் வீட்டு மாடியில் யூகேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். அங்கே தினமும் அடிபட்ட செட் இது. ஏபிசி ஒலிகளையும் மூன்றெழுத்து வார்த்தைகளையும் எந்த செட் வாங்கினாலும் பிள்ளைகள் படித்துவிடுவார்கள். இரண்டு மெய் ஒலிகள் ஒட்டி நிற்கிற இடத்தில்தான், அதாவது பிளெண்ட்ஸில்தான், காசுக்குப் பொருள் தேறுமா என்று தெரியும். அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நண்டு (க்ராப்) படம் போட்ட அட்டை. பேனாவை ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டால் ஒரு பெண் குரல் வரும். முதல் எழுத்துக்கு 'க்அ', அடுத்ததற்கு 'ர்அ', பிறகு 'ஆ', கடைசியில் 'ப்அ'. ஒவ்வொரு மெய்க்குப் பின்னாலும் ஒரு குட்டி 'அ' தொங்குகிறது. பிள்ளை அதைக் கேட்டு, சேர்த்துச் சொல்லு என்றதும், கேட்டதை அப்படியே ஒழுங்காகச் சேர்த்து "கராபா" என்கிறது. பிள்ளைமேல் ஒரு குற்றமும் இல்லை, அந்த ஒலிகளைச் சேர்த்தால் கராபாதான் வரும். மூன்றெழுத்து வார்த்தையில் இந்த வால் அவ்வளவாக உறுத்தாது, கடைசியில் ஒன்று ஒட்டினால் உதறிவிடலாம். பிளெண்டில் அந்த 'அ' இரண்டு மெய்களுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒட்ட வேண்டிய இடத்திலேயே ஆப்பு. முழு வார்த்தையைத் தொட்டால் மட்டும் அதே குரல் அழகாக 'க்ராப்' என்கிறது. இந்தக் குரலா அந்தக் குரல் என்று எரிச்சல்தான் வரும்.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பெண்ணை மட்டும் திட்ட முடியாது. ஸ், ஃப், ம், ன், ல் போன்றவற்றை மூச்சு இருக்கும்வரை இழுக்கலாம், வால் வராது. வெடித்து நிற்கிற ஒலிகளை, அதிலும் பஸ்ஸில் வருகிற 'ப', டமாரத்தில் வருகிற 'ட' போன்ற அதிர்கிற ஒலிகளை, தனியாகச் சொல்ல முயன்றால் யார் வாயிலும் துளி உயிர் ஒட்டத்தான் செய்யும். ஆனால் துளி ஒட்டுவது வேறு, முழு 'அ' போட்டு நீட்டுவது வேறு. இழுத்து நிறுத்த வேண்டிய ஸ், ல் ஆகியவற்றுக்கும் "ஸஅ", "லஅ" என்று பதிவு செய்து வைத்திருக்கிறார்களே, அதற்கு என்ன சமாதானம்?

நடுவில் பேனாவின் சார்ஜ் போர்ட் ஆட்டம் கண்டது. ஒயரைக் கையால் அழுத்திப் பிடித்தால் ஏறும், விட்டால் இறங்கும். மொபைல் சர்வீஸ் கடைத் தம்பியிடம் கொடுத்தேன். அந்த பின் வரணும், நாளைக்கு வாங்க, அடுத்த வாரம் வாங்க என்று இழுத்தடித்தார். கடைசியில் இருநூற்றைம்பது ரூபாயில் புது போர்ட் வைத்து, நன்றாகவே செய்து கொடுத்தார். அது கடையில் கிடந்த நாட்களில்தான் என் வகுப்பில் பிளெண்ட்ஸ் உருப்பட்டது.

காரணம் நம் மெய்யெழுத்து. எல்கேஜியிலிருந்து பிள்ளைகள் 'இக், இங், இச், இஞ்' என்று பாட்டாகப் படித்து வைத்திருக்கிறார்கள். அந்த 'இ' முன்னால்தான் வருகிறது, பின்னால் ஒன்றும் கிடையாது. 'இக்' என்று சொல்லும்போது அடிநாக்கு மேலே ஒட்டிக் கப்பென்று மூடி நிற்கிறது பாருங்கள், மெய்க்கு அரை மாத்திரைதான் என்று நம் இலக்கணமும் சொல்கிறது. இங்கிலீஷ் மட்டும் தெரிந்த குழந்தைக்கு 'க்' ஒலிக்கு எழுத்து இருந்தாலும், அதன் பெயர் 'கே', 'சி' என்று உயிரோடுதான் வருகிறது. அதன் வாத்தியார் 'அ' போடாதே, 'அ' போடாதே என்று தலையால் தண்ணி குடிக்க வேண்டும். நம் பிள்ளைக்குப் புள்ளி வைத்த எழுத்து கையிலேயே இருக்கிறது. சிலேட்டில் க், ர், ஆ, ப் என்று எழுதி, "இக் சொல்லு, ஆனா இ-யை வாய்க்குள்ளயே வெச்சுக்கோ" என்றேன். நாக்கு தயாராக நின்றதும் அடுத்ததுக்குப் போ என்றேன். முதலில் கொஞ்சம் திக்கினார்கள். அப்புறம் "க்ராப்!" பேனா வைத்துக்கொண்டு அவ்வளவு நாள் மல்லுக்கட்டியும் இப்படி வந்ததில்லை.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் கழற்றச் சொல்லும் அதே 'இ'தான் நம்மூரில் இஸ்கூல், இஸ்டூல், இஸ்பூன் என்று வந்து குந்துகிறது. எஸ்ஸில் தொடங்கும் பிளெண்டுக்கு 'இஸ்' பாட்டு உதவாது, கெடுக்கும். அதற்கு வேறு வழி: ஸ்ஸ்ஸ் என்று சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி முதலில் விடச் சொல்வேன். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே 'டாப்' என்று நிறுத்து. வால்வைப் பிடுங்குவது போல் கையால் நடித்துக் காட்டினால் யூகேஜி பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். ஆகவே ஆரம்பிப்பது இழுக்க முடிந்த இரண்டு ஒலிகள் ஒட்டுகிற இடத்தில் இருக்கட்டும்: ஸ்ல், ஸ்ன், ஸ்ம், ஃப்ல். நத்தை (ஸ்னெயில்), பாம்பு (ஸ்னேக்), கொடி (ஃப்லாக்) அட்டைகளை முதலில் எடுங்கள். நண்டும் தவளையும் (ஃப்ராக்) பிறகு. செட்டோடு வரும் கையேட்டில் அகர வரிசைப்படி கொடுத்திருக்கிறார்கள், அதனால் தொடக்கமே கஷ்டமான கட்டையில் விழுகிறது.

இன்னொரு இடைஞ்சல் நம் கடைப் பலகைகள். பிளாஸ்டிக், கிளினிக், டிராவல்ஸ், குரூப் 4 தேர்வுப் பயிற்சி. சொல்லுக்கு முதலில் மெய் நிற்காது என்பது நம் மொழியின் வழக்கம், அதனால் நடுவே ஓர் இகரமோ உகரமோ போட்டு எழுதுகிறோம். தப்பே இல்லை. ஆனால் அதைப் படித்த பிள்ளை கொடிக்கு ஸ்பெல்லிங் எழுதும்போது எஃப்புக்கும் எல்லுக்கும் நடுவே அழகாக ஓர் ஐ போட்டு வைக்கிறது. வல்லின மெய்யில் சொல் முடிவதும் நமக்குப் பழக்கமில்லை, ஆகவே பால் அட்டை 'மில்க்கு', விளக்கு அட்டை 'லேம்ப்பு'. எங்கள் ஊர் கண்டக்டர்கள் ஸ்ரீரங்கத்தை "சீரங்கம், சீரங்கம்" என்று கூவுவதைக் கேட்டு வளரும் பிள்ளை, தவளையில் 'ர்'ஐ விழுங்கினால் ஆச்சரியம் என்ன? இதையெல்லாம் எதிர்பார்த்து இந்த செட்டில் ஓர் அட்டைகூட இல்லை. எந்த ஊர்க் குழந்தைக்கோ செய்ததைப் பெட்டி மாற்றி இங்கே விற்கிறார்கள். பனிச்சறுக்கு வண்டிக்கு (ஸ்லெட்) ஓர் அட்டை இருக்கிறது. என் மாணவன் ஒருவன் தப்பில்லாமல் படித்துவிட்டு, "மிஸ், இது கட்டிலா?" என்றான்.

ரயில் அட்டை இன்னொரு கூத்து. அந்தக் குரல் அமெரிக்க உச்சரிப்பில் சொல்வதால் முதல் ஒலி 'ச்ர்' என்று காதில் விழுகிறது. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட சின்னக் குழந்தைகளே அந்த வார்த்தையை 'ச்' ஒலிக்குரிய எழுத்து போட்டு எழுதுவதைச் சார்லஸ் ரீட் என்ற மொழியியலாளர் 1971இலேயே எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாக்கை மடக்கி 'ட்' என்று திட்டவட்டமாகச் சொல்லிப் பழகியவர்கள், டி எழுத்தைச் சரியாகப் போட்டுவிடுவார்கள். பேனாவைக் கேட்ட பிறகுதான் சிலர் குழம்பினார்கள். காசு கொடுத்துக் குழப்பம் வாங்கியிருக்கிறேன்.

பெட்டியில் பிளெண்ட்ஸ் என்று ஒட்டியிருக்கும் பகுதிக்குள் ஷ், ச், த் ஒலிகளுக்கான இரட்டை எழுத்து அட்டைகளையும் போட்டிருக்கிறார்கள். அவை பிளெண்டே இல்லை, டைகிராஃப். இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி. பிளெண்டில் இரண்டு ஒலியும் தனித்தனியாகக் கேட்கும். இதைப் பிரிக்காமல் கொடுத்தால் பிள்ளை கப்பல் அட்டையில் எஸ்ஸையும் எச்சையும் தனித்தனியே ஒட்டப் பார்க்கும். வாங்குபவர்கள் முதல் நாளே அவற்றை எடுத்து வேறு டப்பாவில் போட்டுவிடுங்கள்.

இவ்வளவு திட்டியாயிற்று. இந்த செட்டில் எனக்கு உயிரான ஒன்றும் இருக்கிறது, அது விளம்பரத்தில் ஒரு வரிகூட வராத இழுப்புப் பட்டை. ஜன்னல் வெட்டிய தடித்த அட்டை, உள்ளே நீளமான ஒரு பட்டை. மேலும் கீழும் இழுத்தால் முதல் பிளெண்ட் மாறிக்கொண்டே வரும், பின்பாதி அப்படியே நிற்கும். ஒரே இழுப்பில் ஸ்லிப், ஃப்லிப், க்லிப், ட்ரிப், க்ரிப். படம் கிடையாது, ஆகவே படத்தைப் பார்த்து ஊகிக்கிற வேலை நடக்காது. இரண்டு பட்டைகளை மாற்றிச் செருகினால் அர்த்தமே இல்லாத வார்த்தைகளும் வரும்: ஸ்னெம்ப், ஃப்லிஸ்க். சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வைக்கிற ஃபோனிக்ஸ் சோதனையில் 40 வார்த்தைகள், அதில் பாதி இப்படி இட்டுக்கட்டியவைதான். மனப்பாடமா, உண்மையிலேயே கூட்டிப் படிக்கிறதா என்று தெரிய வேறு வழியில்லை. 2007இல் அந்நாட்டுக் கல்வித்துறை கொடுத்த வழிகாட்டியிலும் பிளெண்ட்ஸ் வருகிற நான்காம் கட்டத்தில் புது எழுத்து ஒன்றுகூடக் கிடையாது, தெரிந்த ஒலிகளை ஒட்டிப் பழகுவது மட்டும்தான். பட்டை செய்வதும் அதையேதான். அட்டையின் தரமும் ஒசத்தி. எண்ணெய்க் கை, தண்ணீர்ப் பாட்டில், கடிக்கிற பல் எல்லாம் பார்த்தும் ஓரம் பிரியவில்லை.

எதிர் வீட்டுப் பெண் கேட்டாள், "அக்கா, நான் தமிழ் மீடியம், என் உச்சரிப்பு கேட்டு பிள்ளை கெட்டுடும்னுதான் பேனா வாங்க நினைச்சேன்." அவளிடம் 'இக்' சொல்லச் சொன்னேன். சுத்தமாக வந்தது. பேனாவைவிட நூறு மடங்கு மேல். அவளை வாங்கவிடவில்லை.

சரி, தீர்ப்பு. பாதி விலையானாலும் வேண்டாம். பட்டைக்காக மட்டும் வாங்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள், காலண்டர் அட்டையும் கத்தியும் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் நீங்களே செய்துவிடலாம். பேனா இப்போது நன்றாகச் சார்ஜ் ஏறி, விலங்குகள் அட்டையில் யானையைப் பிளிற வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், கோபம் குறைந்தால் இரண்டரை. என் பட்டையை மட்டும் யாரும் இரவல் கேட்காதீர்கள், தர மாட்டேன்.