சி.ஆர். 1009 சப் 1 விதைநெல்: ஐந்து சம்பாக்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

திருவாரூர் மாவட்டத்தில், ஒரு வடிகால் வாய்க்காலை ஒட்டியிருக்கும் எங்கள் நிலத்தில் பாதி பள்ளக்கால். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றியுள்ள மேட்டு வயல்களின் தண்ணீரெல்லாம் அங்கே வந்துதான் நிற்கும். தூர் கட்டும் நேரத்தில் பயிர் மூழ்கி அழுகுவதும், மறு நடவுக்கு நாற்றுக் கேட்டு ஊர் ஊராக அலைவதும் எங்கள் வீட்டில் என் தாத்தா காலத்திலிருந்து தொடர்ந்த கதை. 2020-இல் அந்தப் பள்ளத்தில் முதன்முறையாகச் சி.ஆர். 1009 சப் 1 விதைத்தேன். அதன்பின் ஐந்து சம்பாக்களில் அது நடந்துகொண்ட விதத்தைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

சி.ஆர். 1009 டெல்டாவில் பொன்மணி என்ற பெயரில் நெடுங்காலமாகப் புழங்கும் மோட்டா நெல். கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம். ஒடிசாவில் சாவித்திரி என்பார்கள். ஏறத்தாழ 155 நாள் வயது, குட்டையான தடித்த அரிசி, இட்லிக்கு நல்ல மாவு. சப் 1 என்ற ஒட்டுப்பெயர் பெற்ற விதையில் இவை எதுவும் மாறவில்லை. தோற்றத்திலும் சமையலிலும் பழைய பொன்மணியிலிருந்து அதைப் பிரித்தறிய எங்களால் முடியவில்லை. வேறுபாடு தண்ணீருக்குள்தான் தெரியும்.

முதல் ஆண்டே அது தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு நடவு பிந்தி, ஐப்பசித் தொடக்கத்தில்தான் முடிந்தது. ஒரே பள்ளத்தில் அடுத்தடுத்த இரண்டு வயல்களில் ஒன்றில் பழைய பொன்மணியையும் மற்றதில் சப் 1-ஐயும் நட்டிருந்தோம். டிசம்பர் முதல் வாரத்தில் புரெவிப் புயலின் மழை கொட்டியபோது இரண்டும் முழுவதும் மூழ்கி, ஒன்பது நாள் வெளியே தலைகாட்டவில்லை. தண்ணீர் வடிந்த அன்று பழைய ரகம் நீண்டு, வெளிறி, ஈர நூல்போல் சேற்றில் படிந்து கிடந்தது. சப் 1 வயலிலும் வெளி இலைகள் அழுகித்தான் இருந்தன. ஆனால் பயிர் குட்டையாக நிமிர்ந்து நின்றது. ஒன்றைப் பிடுங்கி மட்டையைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே குருத்து பச்சையாக இருந்தது. ஒரு வாரத்தில் புது இலை விட்டது. அந்தக் குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்த காலைப்பொழுதை நான் மறக்கப்போவதில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் செடியின் ஹார்மோன்கள். எத்திலீன் ஒரு வாயு. எல்லாச் செடிகளும் அதைச் சிறிதளவு சுரந்துகொண்டே இருக்கும், காற்றில் அது கலைந்துபோகும். தண்ணீருக்குள் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு என்பதால், மூழ்கிய பயிரின் உடலுக்குள்ளேயே எத்திலீன் தேங்கிவிடுகிறது. அந்தத் தேக்கமே பயிருக்கு வெள்ளம் வந்துவிட்டது என்ற செய்தி. சாதாரண நெல்லில் எத்திலீன் பெருகியதும் வளர்ச்சியை அடக்கிவைக்கும் அப்சிசிக் அமிலம் குறைந்து, தண்டையும் இலையையும் நீளச் செய்யும் ஜிப்ரலினின் கை ஓங்குகிறது. எப்படியாவது நீர்மட்டத்தைத் தாண்டி மூச்சு விட வேண்டும் என்று பயிர் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து நீள்கிறது. தண்ணீர் வடியும்போது நிமிர்ந்து நிற்கவும் அதனிடம் வலு இருப்பதில்லை, புது இலை விடவும் இருப்பு இருப்பதில்லை. எங்கள் பழைய பொன்மணி செத்தது தண்ணீரால் மட்டுமன்று. தப்பிக்க அது செய்த முயற்சியாலும்தான்.

சப் 1 பயிரில் அதே எத்திலீன் செய்தி வேறொரு மரபணுவைத் தட்டி எழுப்புகிறது. ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள சப்1ஏ என்ற அந்த மரபணு, ஜிப்ரலினுக்குத் தடைபோடும் புரதங்களைப் பெருக்கி, எத்திலீன் மேலும் சுரப்பதையும் மட்டுப்படுத்துகிறது. பயிர் நீள்வதை நிறுத்தி, பச்சையத்தையும் மாவுச்சத்தையும் காத்து, வெள்ளம் வடியும்வரை ஒடுங்கிக் கிடக்கிறது. இரண்டு வாரம் வரை முழுக மூழ்கியிருந்தாலும் மீளும் ஆற்றல் இதனால்தான் வருகிறது. இந்த மரபணுவின் தாய்வீடு ஒடிசாவின் நாட்டு நெல்லான தல்புட்டியா. அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தூய்மையாக்கிய எஃப்.ஆர். 13ஏ என்ற வகையில் இருந்துதான் விஞ்ஞானிகள் இதைக் கண்டெடுத்தார்கள். கெனோங் ஷூவும் டேவிட் மக்கிலும் 1996-இல் குரோமோசோமில் அதன் இடத்தைக் குறித்தார்கள்; 2006-இல் மரபணு எது என்பது உறுதியானது. பெயர் தெரியாத உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பள்ளக்கால் வயல்களில் காப்பாற்றி வைத்திருந்த விதைக்குள் இது இருந்தது என்பதை ஒவ்வொரு முறை மூட்டையைப் பிரிக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

இது மரபணு மாற்றப்பட்ட பயிரா என்று எங்கள் ஊரில் பலர் கேட்டுவிட்டார்கள். இல்லை. வழக்கமான ஒட்டுச்சேர்க்கை மூலம் நெல்லின் மரபணுவை நெல்லுக்கே கொண்டுவந்து, திரும்பத் திரும்பப் பொன்மணியுடனேயே கலந்து, மரபணு அடையாளங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த விதை இது. இந்தியாவில் 2009-இல் வெளியான சுவர்ணா சப் 1 ரகமும் இதே முறையில் வந்ததுதான். பத்துப் பதினைந்து நாள் மூழ்கிய வயல்களில் அது சாதாரண சுவர்ணாவைவிட எக்டேருக்கு ஒன்று முதல் மூன்று டன் வரை கூடுதலாக விளைந்திருக்கிறது. வெள்ளம் வராத ஆண்டில் இரண்டுக்கும் விளைச்சலில் பெரிய வேறுபாடு இருக்காது. எங்கள் வயலிலும் அப்படித்தான். ஆகவே வெள்ளம் வராவிட்டால் நட்டம் என்ற பயம் இந்த விதையில் வேண்டியதில்லை.

ஆனால் இது எல்லாத் தண்ணீரையும் தாங்கும் விதை என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். முழங்கால் அளவுத் தண்ணீர் மாதக்கணக்கில் வடியாமல் நிற்கும் இடத்தில் ஒடுங்கிக் கிடப்பது பயிருக்கு உதவாது. அங்கே மெதுவாக நீளும் ரகம்தான் வேண்டும். அதைவிட ஆழமான வெள்ளத்தில் வளரும் ஆழநீர் நெல்லில் ஸ்நார்க்கல் என்று பெயரிடப்பட்ட இரண்டு மரபணுக்கள் 2009-இல் கண்டறியப்பட்டன. அவையும் சப்1ஏ-யைப் போலவே எத்திலீனின் செய்தியைக் கேட்பவைதாம், ஆனால் நேர்மாறாகப் பயிரை விரைந்து நீளச் செய்கின்றன. எந்த வெள்ளத்துக்கு எந்தப் பதில் என்பதைப் பார்த்தே விதை வாங்க வேண்டும். அடுத்ததாக, புழுதியில் நேரடியாக விதைத்து, முளைக்கும் முன்பே மழை வந்து வயல் மூழ்கினால் சப்1ஏ காப்பாற்றாது. காற்றில்லாமல் முளைக்கும் திறன் வேறு மரபணுவின் வேலை. நேரடி விதைப்பு மிகுந்த நாகைப் பகுதி உறவினர் ஒருவர் இதை அறியாமல் விதைத்து, அந்த ஆண்டு முழுவதையும் இழந்தார். பூக்கும் பருவத்து மழைக்கும் இதில் பாதுகாப்பு இல்லை. 2021 பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில், மூழ்காத மேட்டு வயலில் முன்னதாக நட்டுப் பூத்து நின்ற இதே ரகம் பாதி பதராகிப் போனது.

மூழ்கி எழுந்த பயிர் அறுவடைக்குப் பத்து நாள் வரை பிந்துகிறது. அந்தப் பிந்தலை அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கும்போதே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் வடிந்த மறுநாளே யூரியாவை அள்ளி இறைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். புதுக்குருத்து தெரியும்வரை பொறுத்திருந்து, வேளாண் துறை சொல்வதுபோல் ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவை 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்குடன் கலந்து ஓரிரவு வைத்து, 17 கிலோ பொட்டாஷுடன் இடுவதே எங்களுக்குப் பலன் தந்தது.

விதை வாங்கும் இடம் மிக முக்கியம். மூன்றாம் ஆண்டு அவசரத்தில் ஒரு தனியார் கடையில் வாங்கிய மூட்டையில் வேறு நெல் கலந்திருந்தது. பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும் இரண்டு நெல்லில் எது சப் 1 என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான்கு நாள் மூழ்கியபோது வயல் திட்டுத்திட்டாக வெளுத்துத்தான் உண்மையைச் சொன்னது. அன்று முதல் நீல அட்டை கட்டிய சான்று விதையை வேளாண் விரிவாக்க மையத்தில் மட்டுமே வாங்குகிறேன். அட்டையில் ரகத்தின் பெயருக்குப் பின் சப் 1 என்று தெளிவாக இருக்கிறதா என்பதையும் படித்துப் பார்க்கிறேன்.

வருகிற சம்பாவிலும் வடிகாலை ஒட்டிய பள்ளத்துக்கு இதே விதைதான். மேட்டு வயலுக்கு, விலை கூடுதலாகக் கிடைக்கும் சன்ன ரகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.