விரலா, நெற்றியா, தமனியா? உடற்பயிற்சிப் பரிசோதனையில் ஆக்சிஜனை எங்கே அளப்பது

சைக்கிள் பரிசோதனையில் ஒன்பதாவது நிமிடம். மிதிப்பவர் ஆரோக்கியமானவர்; மூச்சு வாங்க, வியர்வை சொட்ட மிதித்துக்கொண்டிருக்கிறார். ஈ.சி.ஜி. இதயத் துடிப்பை 172 என்கிறது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரோ துடிப்பு 118, ஆக்சிஜன் 87 சதவீதம் என்று காட்டுகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்த விரல்களைத் தளர்த்தச் சொன்னால், சிறிது நேரத்தில் 96. இடையில் அவருடைய நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடியை விட்டார், அவ்வளவுதான்.

ஆரோக்கியமானவருக்கு இந்த எண் அசையவே கூடாது என்றுகூடச் சொல்லலாம். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100லிருந்து 80 மி.மீ. பாதரசத்துக்கு இறங்கினாலும் ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் செறிவு, அதாவது ஆக்சிஜனை ஏந்திய ஹீமோகுளோபினின் பங்கு, ஏறக்குறைய 95 சதவீதத்தில் நிற்கும். தசை எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கிறது என்பது தெரிவது சிரை ரத்தத்தில்: ஓய்வில் சுமார் 75 சதவீதமாக இருக்கும் செறிவு, உச்ச உழைப்பில் 25 அளவுக்கு விழும். ஆக்சிமீட்டர் பார்ப்பதோ தமனிப் பக்கத்தை. ஆகவே 4 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கினால் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது கருவியைத்தான்.

விரல் கிளிப்பின் பலம் எளிமை. பலவீனம் அது வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. 1970களில் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி கண்ட வழி இது: சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளைச் செலுத்தி, துடிக்கிற பகுதியை மட்டும் தமனி ரத்தம் என்று எடுத்துக்கொள்வது. படுக்கையில் கிடப்பவருக்குப் பிரமாதம். மிதிக்கிறவரின் விரல் அதிர்ந்தால் அந்த அதிர்வும் துடிப்பாகவே தெரியும். கைப்பிடியை அழுத்தினால் விரலுக்கு ரத்தம் குறையும், உண்மையான துடிப்பு மங்கிவிடும். விரல்தான் வேண்டும் என்றால் சென்சாரை டேப் போட்டு ஒட்டி, அந்தக் கையை இறுக்காமல் வைக்கச் சொல்ல வேண்டும். களைத்த பிறகு யார் கேட்கிறார்கள்?

நெற்றி சென்சார் இந்தத் தொல்லையில் பெரும்பகுதியைத் தாண்டிவிடுகிறது. தலை கை அளவுக்கு ஆடாது. அங்கே ரத்த ஓட்டமும் எளிதில் சுருங்காது. மாற்றம் விரலைவிட சீக்கிரம் தெரியும். பட்டையைத் தளர்வாகக் கட்டினால் மட்டும் சிரைத் துடிப்பு கலந்து எண் குறைந்து காட்டும். வியர்வையில் நழுவவும் செய்யும். காது மடல் ஏறக்குறைய அதே ரகம். என் ஓட்டு நெற்றிக்கு. கைக்கடிகாரத்தை இந்த வேலைக்கு நான் எடுப்பதில்லை.

எங்கே மாட்டினாலும் ஒரு சோதனை தவறக் கூடாது: ஆக்சிமீட்டர் காட்டும் துடிப்பும் ஈ.சி.ஜி. துடிப்பும் ஒத்துப்போகின்றனவா? இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் எண்ணைக் குறித்துக்கொள்ளவே வேண்டாம். கருவியில் துடிப்பின் அலை வடிவம் நன்றாக இருந்தாலும் இரண்டு மூன்று சதவீதம் முன்பின் இருக்கும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் போக்கும் உண்டு. 2020இல் அமெரிக்க மருத்துவமனை நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதைப் பெரிய பேச்சாக்கியது.

தமனி ரத்தப் பரிசோதனைதான் கடைசித் தீர்ப்பு. செறிவோடு ஆக்சிஜன் அழுத்தம், கார்பன் டை ஆக்சைடு, அமிலத்தன்மை எல்லாம் வரும். ஊசி வலியும் மணிக்கட்டுத் தமனியில் குழாய் பொருத்தும் சிரமமும் கூடவே வரும். குழாய் வேண்டாம், நின்ற பிறகு ஒரு முறை குத்திக்கொள்ளலாம் என்றால் காரியம் கெட்டது. மிதிப்பதை நிறுத்திய சில நொடிகளிலேயே அளவுகள் மீளத் தொடங்கிவிடும்.

இத்தனை மெனக்கெடல் யாருக்குத் தேவை? பெரும்பாலோருக்கு இல்லை. தேர்ந்த தாங்குதிறன் வீரர்கள் விதிவிலக்கு. அவர்களுடைய இதயம் ரத்தத்தை அத்தனை வேகமாகத் தள்ளுவதால், நுரையீரல் நுண்குழாயில் சிவப்பணு தங்கும் நேரம் போதாமல் போகலாம். உடலியல் ஆய்வாளர்கள் டெம்ப்சியும் வாக்னரும் 1999இல் இந்த இறக்கத்துக்குப் படிநிலை வகுத்தார்கள்: செறிவு 93 முதல் 95 வரை லேசானது, 88 வரை நடுத்தரம், அதற்குக் கீழ் கடுமையானது. சைக்கிளைவிட ட்ரெட்மில்லில் ஓடும்போது இந்த இறக்கம் அதிகம் தெரியும். அப்படிப்பட்டவர் வந்தால் சென்சாரை நெற்றியில் மாட்டி, ஓடவிட்டுத்தான் பார்ப்பேன்.