ஃபியூஸ் மணிகள்: அடுக்கும்வரை ஆனந்தம்

கோடை விடுமுறை நெருங்கியதும் ஆன்லைன் கடைகளில் ஃபியூஸ் மணிப் பெட்டிகளின் விலை இறங்கியிருக்கிறது. குட்டிக் குழாய் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் மணிகளை முளைகள் நிறைந்த பலகையில் ஒவ்வொன்றாகச் செருகிப் படமாக அடுக்கி, பலகையில் இருக்கும்போதே மேலே காகிதம் விரித்து இஸ்திரிச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் கைவேலை இது. அலுவலகத் தோழி ஒருத்தி ஒரு பெட்டியின் படத்தை அனுப்பி, “அக்கா, நீங்கள் ரொம்ப நாளாக இதைச் செய்கிறீர்களே, மகளுக்கு வாங்கலாமா?” என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட நேரம் சரியில்லை. கூடத்துச் சுவருக்காக நான்கு சதுரப் பலகைகளைக் கோத்து அடுக்கிய மயில், அன்று காலைதான் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் பாழாகியிருந்தது. பலகைக்கு 29-க்கு 29, ஆக நான்கு பலகைக்கு 3364 முளைகள். அந்த எரிச்சல் அடங்காமல்தான் இதை எழுதுகிறேன். மணியையும் பலகையையும் பற்றிய மற்ற விவரமெல்லாம் கடைப் படத்திலேயே தெரிந்துவிடும்; அதை விட்டுவிடுகிறேன்.

இந்தக் கைவேலையில் இருப்பவை இரண்டே வேலைகள். அடுக்குவது நம் பொறுப்பு, ஒட்டவைப்பது இஸ்திரிப் பெட்டியின் பொறுப்பு. முதல் வேலைக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகலாம். இரண்டாவது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்கு மணி விற்பவர்கள் தரும் வழிகாட்டுதல், மிதமான சூட்டில் மெதுவாக வட்டமிட்டுத் தேய்க்கச் சொல்லும் ஒரே வரிதான். மிதமான சூடு என்றால் எது? என் வீட்டுப் பெட்டியின் திருகில் நைலான், பட்டு, கம்பளி, பருத்தி, லினன் என்று இருக்கிறது. பிளாஸ்டிக் மணி என்று யாரும் அச்சடிக்கவில்லை.

மணிகள் பாலிஎத்திலீனால் ஆனவை. அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன் 110 டிகிரி செல்சியஸுக்கு அக்கம்பக்கத்தில் உருகும். சாதாரண இஸ்திரிப் பெட்டியோ ஒரே சூட்டில் நிலைத்து நிற்காது. சூடு ஏறினால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும், இறங்கினால் மறுபடி இணைக்கும். விளக்கு எரியும்போது வைத்தால் ஒரு விளைவு, அணைந்தபின் வைத்தால் வேறு விளைவு. சட்டைக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டே இல்லை. மணிக்கோ, ஒட்டுவதும் கூழாவதும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. நீராவிப் பெட்டி இன்னும் மோசம். அடித்தட்டின் துளைகளுக்கு நேர்கீழே இருக்கும் மணிகள் உருகாமல் நிற்கும், பக்கத்தில் இருப்பவை துளை மூடிச் சப்பையாகிவிடும். அடித்தட்டு வழவழப்பாக, துளையே இல்லாமல், கனமாக இருக்கும் பழைய உலர் இஸ்திரிப் பெட்டிதான் இதற்கு ஏற்றது. நம் ஊர்க் கடைகளில் அது இன்னும் கிடைக்கிறது என்பது ஒரு நிம்மதி.

சரி, சூடு சரியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தொல்லை ஆறும்போது தொடங்குகிறது. உருகிய பாலிஎத்திலீன் குளிரும்போது சுருங்கும். மேல்பக்கம் சுருங்கி, கீழ்ப்பக்கம் உருகாமல் அப்படியே இருந்தால் முழு வேலைப்பாடும் அப்பளம் மாதிரி விளிம்பு தூக்கிக்கொள்ளும். என் மயிலுக்கு நேர்ந்தது இதுதான். தோகை சுவரை விட்டு முன்னே வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் தேய்த்து, சூடு இருக்கும்போதே தடித்த அகராதி ஒன்றை மேலே வைத்து முற்றிலும் ஆறும்வரை விட வேண்டும். சின்னத் துண்டுகளுக்கு இது போதும். ஓர் அடி அகல மயிலுக்கு எந்த அகராதியைத் தேடுவது?

போதாக்குறைக்குப் பலகையும் நெளியும். பலகைகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதுவும் நூறு டிகிரிக்குப் பக்கத்தில் இளகத் தொடங்கும். நெளிந்த பலகையில் அடுத்த முறை மணி நேராக உட்காராது. இதைத் தவிர்க்க இணையத்தில் எல்லோரும் சொல்லும் வழி மாஸ்கிங் டேப். அடுக்கி முடித்ததும் மேலே டேப்பை வரிசையாக ஒட்டி, ஒவ்வொரு மணியின் துளைக்கு மேலும் ஊசியால் குத்திக் காற்றுக்கு வழி விட்டு, தலைகீழாகத் திருப்பிப் பலகையை உருவிவிட்டு, தெரியும் பக்கத்தில் பட்டர் பேப்பர் விரித்துத் தேய்க்க வேண்டும். பிறகு டேப்பை உரித்து மறுபக்கம். நல்ல வழிதான், வேலையும் செய்கிறது. ஆனால் 3364 துளைகளையும் ஊசியால் குத்தச் சொல்லும் ஒரு பொருளைப் பெட்டியின் மேல் “எளிது, வேடிக்கை” என்று போட்டு விற்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். கரிப் பெட்டி, நல்ல கனம், ஓட்டையில்லாத அடித்தட்டு. கை அசைவிலேயே சூட்டை அளக்கத் தெரிந்தவர். பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது பெட்டியில் ஒட்டிக்கொண்டால் அடுத்து வருகிற வெள்ளைச் சட்டைக்கு யார் பதில் சொல்வது?” என்றார். இந்த மணிகளைப் பற்றி இதுவரை நான் கேட்ட விமர்சனங்களில் நேர்மையானது அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் ஹாமா, அமெரிக்காவின் பெர்லர், சீனாவின் ஆர்ட்கல் என்று பல நிறுவனங்கள் இருக்கின்றன. எல்லாமே ஐந்து மில்லிமீட்டர்தானே என்று ஒரே படத்தில் கலந்தால், ஒரு நிறுவனத்தின் மணி படிந்துவிட்ட நேரத்தில் மற்றொன்று விறைப்பாக நிற்கும். பெயரே இல்லாத மலிவுப் பெட்டிகளில் ஒரே பைக்குள்ளேயே இந்தக் கதை நடக்கிறது.

இவ்வளவு திட்டியபின் நியாயத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். நகை விஷயத்தில் இந்த மணிகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டரை மில்லிமீட்டர் சின்ன மணிகளில் தொங்கட்டான் செய்தால் காதில் இருப்பதே தெரியாது. பாலிஎத்திலீன் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானது. உள்ளங்கை அகலத்துக்குச் செய்தாலும் காது மடல் இழுபடாது. கனமான ஜிமிக்கி போட்டு ஓட்டை நீண்டுபோன என் சித்தி, மாம்பழ வடிவத்தில் நான் செய்துகொடுத்த ஜோடியைத்தான் கல்யாணங்களுக்குக்கூடப் போட்டுப் போகிறாள். வியர்வை பட்டாலும் கறுக்காது; சோப்புத் தண்ணீரில் அலசினால் புதிதாகிவிடும். புடவை நிறத்துக்கு ஒன்று, சுடிதார் நிறத்துக்கு ஒன்று என்று செய்துகொள்வதற்கு ஆகும் செலவு, ஒரு ஜோடி கவரிங் கம்மலின் விலைக்குக்கூட வராது.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: பசையை நம்பாதீர்கள். பாலிஎத்திலீனின் மேல் எந்தச் சாதாரணப் பசையும் பிடிப்பதில்லை; நகப்பூச்சு கூட உரிந்து வந்துவிடும். பின்னால் கம்மல் தட்டை ஒட்டினால் பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் எங்கேயோ விழுந்திருக்கும். கொக்கி மாட்டுகிற மேல் மணியை மட்டும் அதிகம் உருகவிடாமல் துளையைக் காப்பாற்றி, அதில் சின்ன வளையத்தைக் கோத்துத் தொங்கவிடுவதுதான் நிலைக்கும். துளை மூடிக்கொண்டால் சூடான ஊசியால் திறக்கலாம். சின்ன மணியைக் கையால் பொறுக்கி வைக்க முடியாது. பெட்டியோடு தரும் பிளாஸ்டிக் இடுக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு நகைப்பட்டறைச் சாமணம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் சற்றும் எதிர்பாராத சந்தோஷம் அம்மா வழியாக வந்தது. முட்டி வலியால் வாசலில் குனிந்து கோலம் போடுவதை அம்மா விட்டுவிட்டாள். ஒருநாள் என் அறுகோணப் பலகையை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எத்தனை புள்ளி?” என்றாள். அதுவரை எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. சதுரப் பலகை அப்படியே நேர்ப்புள்ளி. அறுகோணப் பலகையில் ஒரு வரிசையின் முளைகள் அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக நிற்கும், அது ஊடுபுள்ளி. பதினைந்து புள்ளி வைத்து ஊடுபுள்ளியாக எட்டு வரை இறக்கினால் தரையில் கிடைப்பதும் அறுகோணம்தான், மொத்தம் 169 புள்ளிகள். சதுரப் பலகையின் ஒரு வரிசையில் 29 முளைகள் என்பதால் பதினைந்தாவது முளை நட்டநடுவில் நிற்கிறது. ஒற்றைப்படையில் புள்ளி வைத்துப் பழகிய கைக்கு அந்த நடுமுளை உடனே அகப்பட்டுவிடும்.

சிக்குக் கோலம் இதில் சரிப்படாது. வளைந்து செல்லும் கம்பி, மணிகளில் படிக்கட்டாகிவிடுகிறது. ஆனால் நட்சத்திரம், தாமரை, கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பும் கோலங்கள் எல்லாம் அறுகோணப் பலகைக்கென்றே பிறந்தவை. சாய்கோடுகள் பிசிறில்லாமல் போகின்றன. அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காலையில் ஒன்று போடுகிறாள். “ஒட்டித் தரட்டுமா?” என்று கேட்டதற்கு, “எதற்கு? நாளைக்கு வேறு போட வேண்டாமா?” என்றாள். இரவில் பலகையைத் தட்டில் கவிழ்த்து, தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே நிறம் நிறமாகப் பிரித்துக் கிண்ணங்களில் போட்டுவிடுகிறாள். நான் வெறுக்கும் அந்தப் பிரிக்கும் வேலைதான் அவளுக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. இஸ்திரிப் பெட்டிப் பக்கம் அவள் போவதே இல்லை.

இந்த மணிகளை ஸ்வீடனில் விட்ஷோ என்ற ஊரில் உருவாக்கிய குன்னர் க்னூட்சன், முதலில் முதியோருக்கான சிகிச்சைப் பயிற்சியாகத்தான் நினைத்தார். குழந்தைகள் பிடித்துக்கொண்டது பிறகு. அம்மாவின் விரல்களைப் பார்க்கும்போது அந்த மனிதரின் முதல் எண்ணத்தை விட்டுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. மணிப் பெட்டிகளின் அட்டையில் ஒரு பாட்டியின் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

வீட்டு அலங்காரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாவிலைத் தோரணம் நன்றாக வருகிறது. இலை இலையாகச் செய்து நூலில் கோத்தால் கொலுவுக்கு எடுத்துக் கழுவித் திரும்ப வைக்கலாம். காபி டம்ளருக்குக் கீழே வைக்கும் வட்டுகள் பரவாயில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அதன்மேல் வைத்தால் பாத்திரத்தோடு சேர்ந்து வட்டும் எழுந்து வரும். மேற்கு வெயில் விழும் சன்னலில் எதையும் தொங்கவிடாதீர்கள், வளைந்துவிடும்.

நிறங்களைப் பற்றியும் ஒரு முறைப்பாடு. பெட்டியில் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே அளவில் போட்டுத் தருகிறார்கள். எந்தப் படம் செய்தாலும் முதலில் தீர்வது வெள்ளையும் கறுப்பும்தான். யாரும் கேட்காத வெளிர் ஊதா வருடக் கணக்கில் கிடக்கும். வெள்ளையையும் கறுப்பையும் தனிப் பையாக வாங்கிவிடுவது நல்லது.

இனி தோழிக்கு நேரடியாக. உன் மகளுக்கு ஏழு வயது என்பதால் ஐந்து மில்லிமீட்டர் மணி போதும். இரண்டரை மில்லிமீட்டர் வேண்டாம். ஹாமாவே அதைப் பத்து வயதுக்கு மேல்தான் என்கிறது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் எந்த அளவும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். தண்ணீர் தெளித்தால் ஒட்டும் மணி இருக்கிறதே, இஸ்திரித் தொல்லை இல்லையே என்று கேட்டிருந்தாய். அது வேறு பொருள். 2007-இல் ஆஸ்திரேலியாவில் பிண்டீஸ் என்ற பெயரில் விற்ற அந்த வகை மணிகளை விழுங்கிய குழந்தைகள் மயங்கி விழுந்து, சந்தையிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மேல்பூச்சில் சேர வேண்டிய வேதிப்பொருளுக்குப் பதிலாக, உடலுக்குள் போனால் மயக்க மருந்தாக மாறும் வேறொன்றைச் சேர்த்திருந்தார்கள். அதன்பிறகு விதிகள் இறுகின என்றாலும் எனக்கு அந்த வகையின்மேல் ஆசை வரவில்லை. பூச்சே இல்லாத இந்த மணிகள் அந்த வகையில் பாவமற்றவை.

இந்தத் தள்ளுபடி விலைக்கு வாங்கலாமா என்றால், வேண்டாம். தள்ளுபடியில் இருப்பது பெயரில்லாத பெட்டி. பலகை மெல்லிசு, மணிகள் ஒன்றுபோல் உருகாது. வாங்கியே தீருவேன் என்றால் அறுகோணப் பலகை ஒன்று, ஒரே நிறுவனத்தின் மணிகள், உலர் இஸ்திரிப் பெட்டி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள். இஸ்திரி போடும் வேலை உன் தலையில்தான் விழும் என்பதையும் சேர்த்துக்கொள். மகள் அடுக்கிவிட்டு எழுந்து விளையாடப் போய்விடுவாள்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அந்த இரண்டும் பலகைக்கும் அம்மாவுக்கும். மயில் நிமிர்ந்து நின்றிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.