கோர்தோபாவில் ஒரு ராத்திரி தங்குங்கள்

கோர்தோபா தெற்கு ஸ்பெயினில் இருக்கிறது. செவியாவிலிருந்து அதிவேக ரயிலில் 45 நிமிடம். மத்ரீதிலிருந்து ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதே கோர்தோபாவுக்குக் கெடுதலாகப் போய்விட்டது. சுற்றுலாப் பயணிகள் முற்பகலில் இறங்கி, மெஸ்கித்தாவைச் சுற்றிவிட்டு, எதிரிலேயே படம் போட்ட மெனு அட்டையை வெளியே நிறுத்தியிருக்கும் கடையில் சாப்பிட்டு, 5 மணி ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். கூட்டமும் வெயிலும் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. இந்த ஊர் அழகாக இருப்பது காலை ஒன்பதுக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பிறகும். ஒரு ராத்திரி தங்கினால்தான் இரண்டும் கிடைக்கும்.

மெஸ்கித்தா, அதாவது பழைய பெரிய பள்ளிவாசலும் இன்றைய கதீட்ரலும், திங்கள் முதல் சனி வரை காலை 8.30-க்கு ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக இலவசமாகத் திறந்திருக்கும். குழுக்களுக்கு அனுமதி இல்லை, சத்தம் போடக் கூடாது. முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். நிதானமாகப் பார்க்க விரும்பினால் பிறகு டிக்கெட் எடுத்து மறுபடி நுழையுங்கள். வழிபாடு காரணமாகச் சில நாள் இந்த இலவச நேரம் இருக்காது. முந்தின நாளே அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கால் வைத்ததும் இருப்பது 785-இல் இங்கே ஆண்ட அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பகுதி. தூண்களைக் கவனியுங்கள்: ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. அதற்கு முன் ஆண்டவர்களின் ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. உயரம் போதாததால் ஒவ்வொரு தூணின் மேலும் ஒரு கல்தூணை ஏற்றி, இரண்டு அடுக்காக வளைவு கட்டினார்கள். கீழ் வளைவு தூண்கள் சாயாமல் பிடித்துக்கொள்கிறது, மேல் வளைவு கூரையைத் தாங்குகிறது. சிவப்புப் பட்டை செங்கல், வெளிர்ப் பட்டை கல். இதை மனதில் வைத்துக்கொண்டு நேரே தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்குப் போய், அங்கிருந்து கிழக்குப் பக்கம், பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் அல்-மன்சூர் நீட்டிய பகுதிக்கு வாருங்கள். அங்கே சிவப்புப் பட்டையும் கல்தான், மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். சில இடங்களில் சாயம் மங்கி அடியிலுள்ள கல் தெரியும். நடுவே எழும்பும் கதீட்ரல் 1523-இல் தொடங்கியது. அதைக் குறை சொல்லிக் கடந்துபோகாமல் அதன் பாடகர் குழு இருக்கைகளின் மர வேலைப்பாட்டுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். கோர்தோபாவின் உணவு என்றால் முதலில் சல்மொரேஹோ, தக்காளியும் ரொட்டியும் அரைத்த கெட்டியான குளிர்ந்த சூப். ஒரு கிலோ பழுத்த தக்காளி, 200 கிராம் ரொட்டி, 100 கிராம் ஆலிவ் எண்ணெய், ஒரு பல் பூண்டு, 10 கிராம் உப்பு: இதுதான் உள்ளூர் அளவு. ரொட்டி 'தெலெரா' என்ற நெருக்கமான வெள்ளை ரொட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் சேர்ப்பதில்லை. நன்றாக அரைபடும்போது எண்ணெயும் காற்றும் கலந்து சிவப்பு ஆரஞ்சாக மாறும். கிண்ணம் வந்ததும் கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு நிற்க வேண்டும். மேலே தூவிய முட்டை மூழ்கக் கூடாது. ஓரத்தில் தண்ணீர் பிரிந்திருந்தால் ரொட்டி போதவில்லை. பூண்டு மூக்கில் ஏறினால் நேற்று அரைத்தது என்று சந்தேகப்படலாம்.

அதன்மேல் பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்திய ஹமோனையும் தூவுவார்கள். வேண்டாதவர்கள் 'சின் ஹமோன்' என்று கேட்க வேண்டும். 'சின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது. ஹமோனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் அங்கே உண்டு. பொரித்த உருண்டைகளான குரோகெத்தாஸிலும் பெரும்பாலும் ஹமோன் இருக்கும். சாலட் என்றாலும் சூரை மீன் வரலாம். சைவர்களுக்குக் கைகொடுப்பது பொரித்த கத்தரிக்காய், 'பெரென்ஹேனாஸ் கோன் மியேல்'. பெயரில் தேன் இருந்தாலும் மேலே ஊற்றுவது கரும்புப் பாகு. வந்தவுடன் சாப்பிடுங்கள், ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். பாதாமும் ரொட்டியும் அரைத்த வெள்ளை மஸமோர்ராவும் நன்று. ஃப்ளமென்கின் என்பது பன்றி இறைச்சிக்குள் ஹமோனைச் சுருட்டிப் பொரித்தது. ஒன்று வாங்கினால் இருவருக்குப் போதும். ராபோ தெ தோரோ மாட்டுவால் குழம்பு, எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வர வேண்டும்.

அளவு மூன்று வகை: தபா (சிறு தட்டு), மெதியா ரஸியோன் (அரைத் தட்டு), ரஸியோன் (முழுத் தட்டு). இருவர் என்றால் மூன்று மெதியா போதும். ரொட்டிக்குத் தனியாகக் காசு போடுவார்கள், அது வழக்கம்தான். சமையலறை மாலை 4 மணிக்கு மூடினால் 8.30 வரை திறக்காது. ஆறு மணிக்குப் பசித்தால் கஷ்டம்.

மெஸ்கித்தா சுவருக்கு எதிரே பார் சாந்தோஸில் கேக் போல உயர்ந்த உருளைக்கிழங்கு முட்டை தோர்த்தியா. தட்டை வாங்கிக்கொண்டு தெருவில் நின்று சாப்பிடுவதுதான் முறை. உட்கார்ந்து சாப்பிட கொர்ரெதேரா சதுக்கம் பக்கம் நடந்து, 1879 முதல் இருக்கும் தபெர்னா சலினாஸுக்குப் போகலாம். ஆரஞ்சுச் சுளையில் உப்பிட்ட காட் மீனும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துத் தருவார்கள். கேட்கும்போது விநோதமாக இருக்கும், வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. மது அருந்துபவர்கள் 'ஊன் மெதியோ' என்று கேட்டால் மொந்தீயா-மோரீலெஸ் பகுதியின் ஃபினோ என்ற வெள்ளை ஒயின் ஒரு கண்ணாடிக் கிளாஸில் வரும். பார்க்க லேசாக இருக்கும், ஆனால் சுமார் 15 சதவீதம் ஆல்கஹால்.

பூத்தொட்டி முற்றங்களுக்குப் பேர்போன திருவிழா மே மாதத்தின் முதல் பாதியில். மற்ற மாதங்களில் வியானா அரண்மனைக்குப் போங்கள், 12 முற்றங்கள் ஒரே இடத்தில். ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். அப்போது வரவே வேண்டாம் என்பேன். பழைய தெருக்களில் கூழாங்கல் பதித்திருக்கிறார்கள். மெல்லிய செருப்பும் டிராலி சக்கரமும் தாங்காது.

936-இல் கட்டத் தொடங்கிய கலீஃபாவின் அரண்மனை நகரமான மதீனா அஸஹாரா ஊருக்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டர். கீழே அருங்காட்சியகம், அங்கிருந்து இடிபாடுகளுக்குத் தனிப் பேருந்து. மேலே நிழல் குறைவு. திங்கட்கிழமை மூடியிருக்கும், அதை மறந்து பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் நிறைய.

கிளம்பும்போது ரயிலுக்கு ஒரு துண்டு பாஸ்தெல் கோர்தொபேஸ் வாங்குங்கள்: நம் பஃப்ஸ் போல அடுக்கடுக்கான மாவுக்குள் பாகில் வெந்த பூசணி இழை. சில கடைகளில் அதற்குள்ளும் ஹமோன் வைப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.