துப்பாக்கியின் முதுகில் ஒரு கேமரா

காட்டுப்பன்றி வேட்டைக்கு வாங்கிய டிஜிட்டல் ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் கருவியை, பெட்டியிலிருந்து பிரித்து மேசையில் வைத்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி: "இதுக்குச் சார்ஜ் போடணுமா மாப்ளே?" போடவேண்டும் என்றேன். அவர் தன்னுடைய பழைய கண்ணாடி ஸ்கோப்பைச் சட்டைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அதற்கு அவர் போட்ட ஒரே சார்ஜ் அந்தத் துடைப்புதான்.

நான் கேமரா பழுது பார்க்கிறவன். டிஜிட்டல் ஸ்கோப் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று திறக்காமலே தெரியும். முன்னால் லென்ஸ், அதன் பின்னால் வெளிச்சத்தைப் படமாக்கும் சிமாஸ் சென்சார், நடுவில் ஒரு குட்டிக் கணினி, கடைசியில் கண்ணுக்கு அருகே நகத்தளவில் ஒரு ஓலெட் திரை. 1990-களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாஸமும் அவர் குழுவும் விண்கலக் கேமராக்களுக்காக வளர்த்தெடுத்த அதே வகை சென்சார்தான் இப்போது எல்லோருடைய போனிலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறது. நீங்கள் பன்றியைப் பார்ப்பதில்லை, பன்றியின் வீடியோவைத்தான் பார்க்கிறீர்கள். இவ்வளவு தெரிந்தும், வாங்கும்போது நானும் அட்டைப்பெட்டியில் போட்டிருந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

4கே என்று பெரிதாகப் போட்டிருந்தது. பொய் இல்லை. சென்சார் 3840-க்கு 2160 புள்ளிதான். ஆனால் கண்ணருகே இருக்கும் திரை 1280-க்கு 960. குடத்தில் மொண்டு வந்த தண்ணீரைச் சங்கில் ஊற்றிக் குடிக்கிற கதை. படத்தைப் பெரிதாக்கும்போது அந்த மிச்சப் புள்ளிகள் கொஞ்சம் கை கொடுக்கும், அது வரைக்கும் லாபம். ஆனால் ஒரே அளவு சென்சாரில் புள்ளிகளை நெருக்கிப் போட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். பகலில் இது தெரியாது. இருட்டியதும் படத்தில் மணல் தூவினாற்போல் இரைச்சல் வரும். இரவுக்குத்தான் வாங்குகிறீர்கள் என்றால், பெரிய புள்ளிகள் கொண்ட, 1920-க்கு 1080 சென்சாரே பல சமயம் மேல்.

உருப்பெருக்கத்திலும் இதே கூத்து. 5-இலிருந்து 20 வரை என்று போட்டிருப்பார்கள். லென்ஸ் உண்மையில் தருவது அந்த முதல் எண்ணை மட்டும்தான், மற்றதெல்லாம் படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவது. என்னுடையதில் 12-ஐத் தாண்டினால் காது எது கிளை எது என்று பிரிவதில்லை. அதனால் முதல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். நெருக்கத்தில் புதர் ஓரமாகச் சுடுபவருக்கு 3 போதும், 5 இருந்தால் விலங்கு காட்சிக்குள் வருவதற்குள் போய்விடும்.

இப்போது, அட்டையில் எங்குமே போட்டிராத ஒரு விஷயம். தாமதம்.

மூன்றாவது இரவு. வயலோரம், நிலா இல்லை. சுமார் 80 மீட்டரில் ஒரு பெரிய காட்டுப்பன்றி வந்து நின்றது. நின்றவரை படம் அருமை, பிடரி மயிர் சிலிர்த்திருப்பதுகூடத் தெரிந்தது. அது குறுக்கே நடையை எட்டிப் போடத் தொடங்கியதும் திரையில் பன்றிக்குப் பின்னால் இன்னொரு பன்றி புகைபோல நீண்டது. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். "ஏன் சுடலை?" என்றார் மாமா. எதைச் சுடுவது என்றேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் தொழிலில் வழக்கமாகச் செய்கிற சோதனையைச் செய்தேன். ஸ்கோப்பை முதலில் துப்பாக்கியிலிருந்து கழற்றிவிட்டேன். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அதன் பக்கம் ஸ்கோப்பைத் திருப்பிவைத்து, போனும், ஸ்கோப்பில் கண் வைக்கிற ஐபீஸும் ஒரே படத்தில் விழுமாறு கேமராவில் எடுத்தேன். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். அறை வெளிச்சத்தில் அது பெரிதாக இல்லை. விளக்கை அணைத்துவிட்டு எடுத்தபோது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. காரணம் எளிது: இருட்டில் சென்சார் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் வெளிச்சம் சேர்க்கிறது, அதனால் படம் இழுபடுகிறது. அதன் மேல் அந்தக் குட்டிக் கணினிக்கும் திரைக்குமான நேரம் சேர்கிறது.

பத்தில் ஒரு நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நொடிக்கு 3 மீட்டர் போகும் பன்றி அதற்குள் 30 செ.மீ. நகர்ந்துவிடும். வேகமான தோட்டாவும் 100 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கிறது, அதையும் கூட்டுங்கள். திரையில் தோள்பட்டைக்குப் பின்னால் குறிவைத்தது உடலில் வயிற்றில் போய் விழும். வயிற்றில் பட்ட விலங்கு உடனே விழாது. இரவெல்லாம் ஓடி எங்கோ புதருக்குள் கிடந்து சாகும். அந்த ஸ்டாப்வாட்ச் படத்தைப் பார்த்த பிறகு, நடக்கிற விலங்கை இந்த ஸ்கோப்பால் சுடுவதில்லை என்று முடிவு செய்தேன். நின்றால் மட்டும்தான். வாங்கும் முன் கடையில் விளக்கில்லாத ஒரு மூலையைப் பார்த்து ஸ்கோப்பை இடவலமாக மெல்ல ஆட்டிப் பாருங்கள். படம் குழைந்தால் அப்படியே கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

அடுத்து ஐஆர் விளக்கு. இந்த ஸ்கோப் எதுவும் முழு இருட்டில் தானாகப் பார்ப்பதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு டார்ச் அடித்து, அது திரும்பி வருவதைத்தான் சென்சார் பார்க்கிறது. யோசனை பழசு. 1945-இல் ஒகினாவாவில் அமெரிக்கப் படையினர் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியில் இப்படி ஒரு விளக்கையும் ஸ்கோப்பையும் மாட்டிச் சண்டை போட்டார்கள், பேட்டரி தனி மூட்டை. இப்போது அது கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு வகை கிடைக்கும். 850 தூரம் போகும், ஆனால் விளக்கை நேராகப் பார்த்தால் மங்கலாகச் சிவப்பு தெரியும். 940-இல் அது தெரியாது, ஆனால் சென்சாருக்கே அந்த அலைநீளம் அரைகுறையாகத்தான் உறைக்கும், தூரம் குறைந்துவிடும். நான் 850 வைத்திருக்கிறேன், இதுவரை எந்தப் பன்றியும் அதைக் கண்டு மிரளவில்லை. பனிமூட்டம் வந்தால் மட்டும் இரண்டுமே வீண். மூடுபனியில் வண்டியின் ஹை பீம் போட்டது மாதிரி திரை முழுக்க வெள்ளை. முன்னால் நாலு புல் நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான், புல் பளீரென்று எரியும், அதன் பின்னால் இருப்பது கறுத்துப்போகும். விளக்கின் வட்டத்தைக் குறுக்கவும் விரிக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். ஸ்கோப்போடு ஒட்டி வருகிற விளக்கு பெரும்பாலும் நோஞ்சான்.

கண் மின்னுவதைப் பற்றி மாமா சொன்னது எந்த விளக்கப் புத்தகத்திலும் இல்லை. ஒரு இரவு ஓரத்தில் இரண்டு புள்ளி ஜோராக மின்னியது. நான் ஸ்கோப்பைத் திருப்பப் போனபோது தோளில் கை வைத்தார். "கண்ணைப் பார்த்துச் சுடாதே. பன்றிக் கண் இவ்வளவு மின்னாது." கொஞ்சம் காத்திருந்தோம். புள்ளிகள் எழுந்து நின்றன, பின்னால் ஒரு கன்றுக்குட்டி. அவர் சொன்னது சரிதான். மாடு, மான், நாய், பூனை எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு, பன்றிக்கு அது கிடையாது.

அன்றைக்கு நான் செய்த இன்னொரு தப்பும் இருக்கிறது. குண்டு போட்ட துப்பாக்கியைத் திருப்பித்தான் நான் "அது என்ன" என்று பார்க்கவே போனேன். ஸ்கோப் நன்றாகத் தெரியத் தெரிய இந்தக் கெட்ட பழக்கம் வரும். தேடுவதற்குத் தனியாகக் கையில் பிடிக்கிற தெர்மல் ஒன்று வாங்கிவிட்டேன். தெர்மல் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, உடல் சூட்டைப் பார்க்கிறது, 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில். சாதாரணக் கண்ணாடி அந்த அலையை விடாது, அதனால்தான் லென்ஸை ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள், அதனால்தான் விலையும் அப்படி. வயலில் எங்கோ ஏதோ இருக்கிறது என்பதை ஒரே வீச்சில் சொல்லிவிடும். அது பன்றியா கன்றா என்பதை டிஜிட்டல் ஸ்கோப்தான் சொல்லவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள்.

ஜீரோ செய்வதில், அதாவது குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்வதில், மட்டும் மாமா வாயைப் பிளந்தார். ஒரு குண்டு சுட்டு, படத்தை உறையவைத்து, ரெட்டிக்கிளை (திரையில் தெரியும் குறிக்கோட்டை) ஓட்டை விழுந்த இடத்துக்கு நகர்த்திச் சேமித்தால் முடிந்தது. இரண்டாவது குண்டு சரிபார்க்க. ஒரு நுணுக்கம்: ரெட்டிக்கிள் புள்ளி புள்ளியாகத்தான் நகரும். 100 மீட்டரில் காட்சியின் அகலம் 12 மீட்டர், திரை 1280 புள்ளி என்றால் ஒரு நகர்வுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வேட்டைக்கு இது தாராளம். ரெட்டிக்கிள் படத்தின் மேலேயே வரையப்படுவதால் கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் குறி மாறாது, கண்ணாடி ஸ்கோப்பில் வருகிற பாரலாக்ஸ் தொல்லை இல்லை. தூரத்துக்கு ஏற்பக் குறியை உயர்த்திக் கொடுக்கும் கணக்குப்பொறியும் உண்டு. ஆனால் ஸ்கோப்பின் நடு, குழலின் நடுவிலிருந்து எத்தனை செ.மீ. உயரம் என்று அளந்து கொடுங்கள். இவை தடித்த பொருட்கள், கண்ணாடி ஸ்கோப்புக்கு வைத்திருந்த எண்ணைப் போட்டால் கணக்கு தப்பும். உயரம் கூடுவதால் கன்னமும் கட்டையில் பதியாது, நான் மேலே ஒரு பஞ்சுப் பட்டை கட்டினேன்.

இனி என் குறை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரண்டு மாதம் கழித்து ஒரு மென்பொருள் அப்டேட் வந்தது, போட்டேன். படம் கொஞ்சம் தெளிவானது உண்மை. மறுநாள் பார்த்தால் ஜீரோ காணோம், ரெட்டிக்கிள் நட்டநடுவில் புதுப்பெண் மாதிரி நிற்கிறது. கேட்டதற்கு, மீண்டும் ஜீரோ செய்துகொள்ளவும் என்று ஒரு வரிப் பதில். நல்லவேளை, பகலில் இலக்கு அட்டையில் சுட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்தது. இப்போது ஜீரோ எண்களை ஒரு தாளில் எழுதித் துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன்.

பேட்டரிதான் பெரிய வருத்தம். என்னுடையது உள்ளே பதித்தது, மாற்ற முடியாது. குளிரில் லித்தியம் பேட்டரி சோம்பிவிடும், ஐஆர் விளக்கும் வீடியோவும் ஓடினால் இன்னும் சீக்கிரம் தீரும். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குத் திரை அணைந்தது, அத்தோடு வேட்டையும் அணைந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, தன் ஸ்கோப்பைத் துடைத்தார். கடையில் இரண்டு விதமும் உண்டு: ஏடிஎன் எக்ஸ்-சைட் 4கே புரோவில் உள்ளேயே பதித்த பேட்டரி, 18 மணி நேரம் வரும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. சைட்மார்க் ரெய்த் எச்டியில் நாலு சாதாரண ஏஏ பேட்டரி, சீக்கிரம் தீரும், ஆனால் பையிலிருந்து எடுத்து இருட்டிலேயே மாற்றிவிடலாம். நான் இன்னொரு முறை வாங்கினால் மாற்றக்கூடியதைத்தான் வாங்குவேன்.

சில்லறை விஷயங்கள். எடை ஒரு கிலோவை ஒட்டி வரும், துப்பாக்கியின் மேல்பக்கம் கனத்துப்போகும். ஐபீஸ் வெளிச்சத்தைக் குறைத்தே வையுங்கள். இல்லாவிட்டால் தலையை எடுத்ததும் அந்தக் கண் சில நிமிடம் குருடு, திரை வெளிச்சம் முகத்தில் விழுந்து நாம்தான் பேய் மாதிரி தெரிவோம். ரப்பர் மூடி கண்ணோடு ஒட்டியிருந்தால் வெளிச்சம் கசியாது, ஆனால் பின்னுதை பலமாக உள்ள துப்பாக்கியில் புருவத்தில் முத்திரை விழும், எனக்கு விழுந்தது. ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளில் மாட்டப்போகிறவர்கள் அதற்கு ஏற்றதா என்று தனியாகக் கேளுங்கள், அது முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதைத்து நல்ல ஸ்கோப்பையும் கெடுத்துவிடும். வேட்டைக்கே அனுமதி உண்டா, இரவில் உண்டா, துப்பாக்கியில் ஐஆர் கருவி மாட்டலாமா என்பது ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சட்டம். பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டியது அதைத்தான். பகல் வேட்டைக்கு மட்டும் என்றால் இது தேவையே இல்லை, நல்ல கண்ணாடி ஸ்கோப் வாங்குங்கள்.

வீடியோவை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். சுட்ட அதிர்வை உணர்ந்து, அதற்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்துத் தானாகச் சேமிக்கும் வசதி. மாமா அதைப் போனில் நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். குண்டு கிளம்பும் முன்பே ரெட்டிக்கிள் இடப்பக்கம் கீழே ஒரு சொட்டு இறங்குகிறது. "விசையைப் பிடுங்குறே," என்றார். அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தே ஒரு மாதம் வெறும் துப்பாக்கியில் விசை இழுத்துப் பழகினேன், இப்போது அந்தச் சொட்டு இல்லை.

ஸ்கோப்பை விற்கவில்லை. பவர் பேங்கைத் துப்பாக்கிக் கட்டையில் பட்டை போட்டுக் கட்டி, வயரை ஸ்கோப்பின் சார்ஜ் துளைக்குக் கொடுத்திருக்கிறேன். துளையின் மூடி திறந்தே இருப்பதால் பனி இறங்கும் என்று, ஒரு துண்டு சைக்கிள் ட்யூபை வெட்டி அதைச் சுற்றி மாட்டிவிட்டேன். பார்க்க அசிங்கம்தான். மாமா அதைப் பார்க்கும்போதெல்லாம், பஞ்சர் ஒட்டியாச்சா என்று கேட்கிறார்.