சாய்த்து மாட்டிய பின்பக்க ஷாக்: மூன்று வருஷம் ஓட்டிய பிறகு

போன வாரம் வண்டியைக் கழுவும்போது பார்த்தேன், பின்பக்க ஷாக்கின் (குழியில் வண்டி துள்ளி ஆடாமல் பிடிக்கிற ஷாக் அப்சார்பர்) தலை மாட்டியிருக்கிற குறுக்குக் குழாயில் வெல்டிங் ஓரமாக முடி கனத்துக்கு ஒரு கீறல். சேறு போனதும் துரு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. பட்டறையில் கிரைண்டரால் கீறலைத் திறந்து, திரும்ப அடைத்து, இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு வைத்து முடிக்க ஒரு நாள் போச்சு. அன்றைக்குச் சாயந்திரமே சித்தப்பா மகன் திசையன்விளையிலிருந்து போன் செய்கிறான்: "அண்ணே, நானும் உங்க வண்டி மாதிரி ஷாக்கைச் சாய்ச்சு மாட்டிரட்டுமா? பட்டறையில பேசி வச்சிருக்கேன்."

"வேண்டாம்டே" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் மூன்று வருஷத்துக்கு மேல் இதில் ஓட்டியவன் ஒரே வார்த்தையில் முடித்தது நியாயமில்லை என்று மனசு உறுத்தியது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப், பின்னால் பட்டை ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கியது). களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் வாழை போட்டிருக்கிறேன். தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை, முழுக்க உருட்டுக் கல். முன்பு ஷாக் நேராக நின்றபோது இரண்டு தொல்லை. அதன் கீழ்க் காது (ஷாக்கைப் போல்ட்டில் மாட்டுகிற தகடு) ஆக்சிலுக்கும் கீழே தொங்கிக் கல்லில் இடிக்கும், ஒரு தடவை காதே மடங்கிப் போல்ட்டை வெட்டித்தான் எடுத்தோம். இன்னொன்று, ஷாக்கின் நீளம் பத்தாது. ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது பட்டை இன்னும் விரிந்து கொடுக்கும், ஆனால் ஷாக் முழுசாக நீண்டு முடிந்து 'டங்' என்று பிடித்து இழுக்கும். நீளமான ஷாக்கை நேராக நிறுத்தலாமென்றால் தலை மேலே தகட்டில் முட்டும். தலையை உள்பக்கமாகச் சாய்த்தால் நீள ஷாக்குக்கும் இடம் கிடைக்கும், கீழ்க் காதையும் ஆக்சிலுக்கு மேலே தூக்கி வைத்துவிடலாம். இதற்காகத்தான் 2022-ல் மாற்றினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 'டங்' அன்றோடு போனது, இன்றுவரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஏத்தன் தார் ஏற்றும்போது இடையில் சருகு வைத்துத்தான் அடுக்குவோம், இருந்தாலும் அந்த இழுப்பில் தார் ஒன்றோடொன்று உரசி, கமிஷன் கடைக்குப் போய்ச் சேரும்போது காயின் முதுகில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். கடைக்காரர் தாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் விலையைக் குறைப்பார். இப்போது அவர் திருப்பிப் பார்த்தாலும் காய் பச்சையாகவே இருக்கிறது. ஷாக் மாற்றினால் காய்க்கு விலை நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இனி சாய்மானம். முதலில் மாட்டிக்கொடுத்தவர், குறுக்குக் குழாய் வைக்க வாகான இடம் அதுதான் என்று, செங்குத்திலிருந்து 45 டிகிரிக்குப் படுக்கப் போட்டுவிட்டார். ஆக்சில் ஓர் அங்குலம் ஏறினால் அந்தச் சாய்வில் ஷாக் 0.7 அங்குலம்தான் அமுங்கும். அந்தக் குறைந்த அமுக்கத்தில் பிறக்கிற தடையும் சாய்வாகவே தள்ளும், அதிலும் செங்குத்தாகக் கிடைப்பது 0.7 பங்குதான். இரண்டையும் பெருக்கினால், காசு கொடுத்து வாங்கிய ஷாக்கில் பாதிதான் வேலை செய்கிறது. 30 டிகிரி என்றால் முக்கால் பங்கு கிடைக்கும், 25 என்றால் ஏறக்குறைய 82 சதவீதம். போதாததற்கு, ஆக்சில் மேலே ஏற ஏற ஷாக் இன்னும் படுக்கும், அதாவது பிடிப்பு வேண்டிய நேரத்தில்தான் குறையும். நாங்குநேரிப் பக்கம் நாற்கர ரோட்டில் காலி வண்டியாகப் பாலம் ஏறி இறங்கினால் பின்பக்கம் மூன்று ஆட்டம் ஆடித்தான் நிற்கும். வளைவில் இன்னும் மோசம், ஏனென்றால் ஷாக்கின் தலை சக்கரத்தை விட்டு நடுப்பக்கம் போய்விடுவதால் பாடி சாய்வதை அதனால் இறுக்கிப் பிடிக்க முடியாது. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குழாயை அறுத்து 25-க்குக் கொண்டுவந்தேன், ஆட்டம் நின்றது. என்னுடையது ஒற்றைக் குழாய் கேஸ் ஷாக், எப்படிச் சாய்த்தாலும் அதற்கு ஒன்றுமில்லை. சாதா இரட்டைக் குழாய் ஷாக்கை ரொம்பப் படுக்க வைத்தால் எண்ணெயோடு காற்று கலந்து அதுவே கெட்டுவிடும், அதையும் கவனிக்கணும்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது போல்ட் விஷயத்தில்தான். ஷாக்கின் தலையை உள்பக்கம் சாய்த்துவிட்டால், ஆக்சில் ஏறி இறங்கும்போது அது இடம் வலமாக ஊசலாடும். அப்படியென்றால் ஷாக்கின் முனை வளையத்துக்குள் போகிற போல்ட் வண்டியின் நீளவாக்கில், முன்பின்னாக இருக்க வேண்டும், அப்போதுதான் புஷ் (வளையத்துக்குள் இருக்கிற ரப்பர்) அதன்மேல் திரும்பும். முதலில் மாட்டிக்கொடுத்தவர் பழைய ஷாக்கில் இருந்த மாதிரியே குறுக்குவாட்டில் காது வைத்துவிட்டார். ஒவ்வொரு குழிக்கும் புஷ் திரும்புவதற்குப் பதிலாக நெளிந்தது. நாலு மாதத்தில் முதல் செட் போச்சு, ஐந்து மாதத்தில் அடுத்தது. கழற்றிக் கையில் எடுத்தால் ரப்பர் ஒரு ஓரம் முழுசாக, மறு ஓரம் கருவாடு மாதிரி பிய்ந்து, உள்ளே இரும்புக் குழாய் பளபளவென்று தேய்ந்திருக்கும். ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதெல்லாம் 'கீச்' என்று அலறும், தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். போய்ச் சொன்னால், "ரப்பர் மட்டம் அண்ணாச்சி, வேற கம்பெனி போடுவோம்" என்பார். ரப்பரில் குற்றமே இல்லை. கடைசியில் 2024-ல் வேறு பட்டறையில் நாலு காதையும் அறுத்து, போல்ட் முன்பின்னாகப் போகும்படி மாற்றினேன். அந்த செட் புஷ் இன்னும் ஓடுகிறது. முதல் நாளே பத்து நிமிஷம் யோசித்திருந்தால் இத்தனை வெட்டும் ஒட்டும் தேவைப்பட்டிருக்காது. திரும்பத் திரும்ப அறுத்து ஒட்டியதில்தான் குழாயும் சூடு பட்டு இப்போது கீறல் விட்டது என்று நினைக்கிறேன்.

சரி, தம்பிக்கு. உன் வண்டி போவது தேரி மணலில், அங்கே இடிக்கக் கல்லும் இல்லை, ஒற்றைச் சக்கரம் தொங்குகிற குழியும் இல்லை. உனக்கு நேரான ஷாக் போதும். இல்லை, மாட்டியே தீருவேன் என்றால் 25 டிகிரியைத் தாண்டவிடாதே, போல்ட் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பக்கத்தில் நின்று பார், வண்டியை ஜாக்கியில் தூக்கி ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு ஷாக் முழுசாக நீண்டு முடிந்துவிடவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் காதை ஒட்டவிடு. நானே இன்னொரு வண்டி வாங்கினால் நேராகத்தான் வைத்துக்கொள்வேன், அவ்வளவு அலுத்துவிட்டது. ஆனால் இந்த வண்டியில் இருப்பதைக் கழற்ற யாரையும் விடமாட்டேன். நாளைக்கு முப்பது தார் வெட்டணும், ஓடையில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் போகிறது.